ஊர்தியில் ஓர் இருக்கை

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த தீவு பாராடாங். சேற்றெரிமலையையும் சுண்ணாம்புக்கற் குகைகளையும் காண வருகிறவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவார்கள். அங்கே வீடு கட்டி வாழ்கிறவர்களுக்கோ அந்தத் தீவின் பெருங்கவலை வழிப்பயணமே. 1918-ஆம் ஆண்டு முதல் சோட்டாநாகபுரியிலிருந்து காட்டு வேலைக்காக அந்தமானுக்கு வந்தவர்களின் வழிவந்தோர், வங்காளத்திலிருந்து குடியேறியோர், தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோர் எனப் பல மொழியினர் இத்தீவுகளில் அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றனர். காய்ச்சல், தலைவலி என்றால் அருகிலுள்ள சுகாதார நிலையம் போதும். பெரிய நோய்க்குத் தலைநகருக்கே போதல் வேண்டும். போர்ட் பிளேர் என்று நாம் நெடுநாள் அழைத்து வந்து, 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்த நகரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அங்கேதான் உள்ளது.

நூறு கிலோமீட்டர் என்றால் சமவெளியில் இரண்டு மணி நேரப் பயணம். பாராடாங்கிலிருந்து அப்படிப் புறப்பட்டுவிட முடியாது. முதலில் நடு நீரிணையைப் படகிற் கடக்க வேண்டும். வண்டிகளும் படகிலேயே ஏறும். அக்கரையில் ஜாரவா மக்களின் காப்பகம் தொடங்குகிறது. அதனூடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில், ஜிர்காடாங் சோதனைச் சாவடி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு, வண்டிகள் தனித்துச் செல்லுதல் கூடாது. குறித்த வேளையில், காவலர் துணையுடன், வரிசையாகத்தான் செல்லும். வழியில் நிறுத்தவும் இறங்கவும் தடையுண்டு. பழங்குடி மக்களின் வாழ்வைக் காக்க இடப்பட்ட விதி இது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலிருந்து கிளைத்தது. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அந்த வரிசையில் ஒரு தாய் தன் குழந்தையுடன் அமர்ந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்ப்போம்.

குழந்தைக்கு வயது ஏழு. மூளை முடக்குவாதம் கண்ட பிள்ளை. கழுத்து நில்லாது, உடல் ஒரு பக்கமாகச் சரியும், சாலை குலுங்கும்போதெல்லாம் கை கால்கள் விறைத்துக்கொள்ளும். அரசுப் பேருந்தாயினும் வாடகைக் காராயினும் அப்பிள்ளைக்கு உரிய இருக்கை தாயின் மடிதான். தலையை ஒரு கையால் தாங்கி, இடுப்பை மறு கையால் அணைத்து, நிறுத்த முடியாத சாலையில் அவள் வருகிறாள். குழந்தை இரண்டு வயதாயிருந்தபோது மடி போதுமானதாயிருந்தது. ஏழு வயதில் கை கடுக்கிறது. பதினான்கு வயதில் என் செய்வாள்?

இந்த மடியின் இடத்தை எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் இருக்கை உலகில் இருக்கிறது. அதன் விலையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அவ்வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் அந்த இருக்கை எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்வோம். காரில் நாம் இன்று கட்டிக்கொள்ளும் மும்முனைப் பட்டையை 1959-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வகுத்தளித்தார். அது வளர்ந்தோர் உடலுக்கு அளந்து செய்யப்பட்டது. நிமிர்ந்து உட்காரக்கூடியவர் உடலுக்கே அது பொருந்தும். சிறு பிள்ளைகளுக்கு அது கழுத்தை அறுக்கும் என்று கண்டு, 1960-களில் அதே நாட்டின் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர் சாய்ந்து படுக்கும் இருக்கையை மனத்திற்கொண்டு, வண்டியின் பின்புறம் நோக்கி அமரும் குழந்தை இருக்கையை ஆய்ந்தார். உடல் நிலை கொள்ளாத பிள்ளைகளுக்கான இருக்கை இவ்வழியில் இன்னும் ஒரு படி மேற்சென்றது. தலை சரியாமல் இருபுறமும் தாங்கல், விலாவுக்கு அணைப்பு, தொடைகளுக்கு நடுவே ஒரு மேடு, இரு தோள், இரு இடுப்பு, தொடையிடை என ஐந்து இடங்களிற் பிடிக்கும் பட்டை, தலை முன்னே தொங்கி மூச்சுக்குழல் அடைபடாதபடி பின்சாய்வு. இவ்வளவுதான். பார்ப்பதற்கு எளிய பொருள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் உடலுக்கும் அளவு பார்த்துப் பொருத்த வேண்டியிருப்பதால் விலை ஏறிவிடுகிறது.

இனி, உடற்குறையுடையோருக்குக் கருவி வழங்கும் கடமையை அரசு எவ்வாறு ஏற்றது என்று பார்ப்போம். உலகெங்கும் இக்கடமை போர்வீரரிடமிருந்தே தொடங்கியது. முதல் உலகப் போரில் உறுப்பிழந்த இந்திய வீரர்க்குத் தொழில் கற்பிக்க 1917-இல் மேரி அரசியார் பெயரால் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் எழுந்தது. அது பின்னர்ப் புனேயை அடுத்த கிர்க்கியில் நிலைபெற்றது. இரண்டாம் போரின்போது, 1944-இல், புனேயிலேயே செயற்கை உறுப்பு மையம் ஏற்பட்டது. நாட்டுக்காகக் காலிழந்தவனுக்கு நாடு கால் தர வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொண்டனர். பிறவியிலேயே கால் வழங்காத பிள்ளைக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது என்னும் கேள்வி அப்போது எழவில்லை.

அக்கேள்வியைத் தமிழ் மண்ணில் எழுப்பியவர்களுள் மருத்துவர் மேரி வர்கீஸ் தலையாயவர். கேரளத்துச் செராயிற் பிறந்து வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிற் பயின்ற அவர், 1954-ஆம் ஆண்டு ஒரு மோட்டார் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் நோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணரானார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உடல் முடங்கியவர் இரக்கத்துக்கு உரியவர் என்ற எண்ணத்தை மாற்றி, அவர் வேலைக்கும் பயணத்துக்கும் உரியவர் என்ற எண்ணத்தை அவருடைய வாழ்க்கையே நாட்டிற்று.

1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ரப்பராலும் மரத்தாலும் மலிவான செயற்கைப் பாதத்தைச் செய்தனர். 1972-இல் மத்திய அரசு கான்பூரில் செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் அலிம்கோ கழகத்தைப் பதிவு செய்தது. 1981-இல் உதவிக் கருவிகள் வாங்குவதற்கும் பொருத்துவதற்கும் மாற்றுத்திறனாளிகளுக்குத் துணை செய்யும் ‘அடிப்’ திட்டம் பிறந்தது. ஊன்றுகோல், கால் கவசம், கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, வெண்கோல் ஆகியவை முகாம்களில் வழங்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டின் திருத்தப்படி மாத வருமானம் ரூ.15,000 வரை உள்ளவர்க்கு முழு உதவியும், ரூ.20,000 வரை உள்ளவர்க்குப் பாதி உதவியும் கிடைத்தன. 2022-இல் இவ்வரம்புகள் முறையே ரூ.22,500 என்றும் ரூ.30,000 என்றும் உயர்ந்தன.

இந்தப் பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குவோம். இளம்பிள்ளை வாதம் நாடெங்கும் பரவியிருந்த காலத்தில் உருவான பட்டியல் இது. அந்நோய் பெரும்பாலோரின் காலை வாங்கியது. உடலையும் தலையையும் விட்டுவைத்தது. ஆகவே காலுக்குக் கவசம், கைக்கு வண்டி என்று கருவிகள் அமைந்தன. அவற்றைப் பெற்றவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். 2011 சனவரியோடு இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் நின்றது. 2014 மார்ச்சில் நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்றும் பெற்றது. இது நம் நாட்டின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. ஆனால் அதன் பின் மறுவாழ்வு நிலையங்களின் வாயிலில் மிகுதியாகக் காணப்படும் பிள்ளைகள் வேறு வகையினர். குறைப் பிரசவத்திலும் பிறப்பின்போது மூச்சுத் திணறியும் பிழைத்து, மூளை முடக்குவாதத்தோடு வளர்பவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கால் மட்டுமன்று, கழுத்தும் முதுகும் துணை வேண்டி நிற்கின்றன. ஓட்டுவதற்கு வண்டி கொடுத்தால் அவர்களுக்குப் பயனில்லை. உட்காருவதற்கு இடம் வேண்டும். அலிம்கோ இவர்களுக்கெனத் தனி நாற்காலி ஒன்றைச் செய்து வழங்குகிறது. வீட்டிலும் பள்ளியிலும் அது உதவும். ஓடும் காரில் வைத்துக் கட்ட அது செய்யப்படவில்லை. முகாமுக்கு வந்து செல்லும் பயணப்படிக்கும் திட்டத்தில் ஒரு சிறு தொகை உண்டு. அப்பயணத்தில் பிள்ளை எதன்மேல் அமர்ந்து வரும் என்பதற்கு வழக்கமான பட்டியலில் இடமில்லை.

மேனாடுகளிலும் இந்தப் பிழை நேர்ந்ததுண்டு. பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபின், நடக்க முடியாதோர்க்கு அரசே மூன்று சக்கர மோட்டார் வண்டியை இலவசமாக வழங்கிற்று. கொடை பெரிதுதான். ஆனால் அவ்வண்டியில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. வேறொருவரை ஏற்றுதல் சட்டத்துக்கு மாறு. கணவன் ஒரு வண்டியிற் போனால் மனைவி வேறு வழி பார்க்க வேண்டும். தாய் ஓட்டினால் குழந்தையை வீட்டில் விட வேண்டும். ஓட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. பல ஆண்டு முறையீட்டின்பின் 1977-இல் மோட்டபிலிட்டி என்னும் அமைப்பு தோன்றியது. மாதாந்தர உதவித் தொகையைக் கொண்டே குடும்பத்தோடு செல்லும் காரைப் பெறவும் உடலுக்கேற்ப அதனை மாற்றிக்கொள்ளவும் அது வழிசெய்தது. பழைய மூன்று சக்கர வண்டிகள் 2003-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாளோடு சாலையினின்று விலக்கப்பட்டன. ஒற்றை இருக்கையிலிருந்து குடும்ப இருக்கைக்கு வர அவர்களுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே ஏழைக் குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பில், ஒரு பொருள் மருத்துவத் தேவை என்று நாட்டப்பட்டால் விலை கேட்க இடமுண்டு. 1967-இல் வகுத்து, 1989-இல் விரிவாக்கிய சட்டப்பகுதி அதற்குத் துணை நிற்கிறது. சாதாரண இருக்கையில் பிள்ளைக்கு நேரக்கூடிய தீங்கு என்ன, இந்த இருக்கையால் அது எவ்வாறு நீங்கும் என்று மருத்துவரும் உடலியக்கப் பயிற்சியாளரும் கடிதம் எழுதுகின்றனர். மறுக்கப்பட்டால் பெற்றோர் மேல்முறையீடு செய்கின்றனர். எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது என்று சொல்லுதற்கில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு வாயிலும், மறுத்தால் தட்டுவதற்கு இன்னொரு வாயிலும் இருக்கின்றன.

நம் நாட்டில் வாயில் உண்டா? உண்டு, அது சிறிது சிறிதாகத் திறந்து வந்திருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உடற்குறையுடையோர் ஊர்திக்கு விளக்கம் தரப்பட்டது. முதலிலிருந்தே அவர்க்கெனச் செய்த வண்டியாய் இருக்க வேண்டும். உள்ள வண்டியை மாற்றியமைத்தது அதிற் சேராது என்பது அவ்விளக்கம். 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதனையே வழிமொழிந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தமே, உள்ள வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றியமைத்தாலும் அது தகவமைத்த ஊர்தியே என ஏற்றுக்கொண்டது. எண்பது ஆண்டுகளுக்குப்பின் ஒரு சொல் மாறிற்று.

உரிமைச் சட்டங்களும் இவ்வாறே வளர்ந்தன. 1995-ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, உதவிக் கருவிகளுக்குத் திட்டம் வகுக்க அரசுகளைப் பணித்தது. போக்குவரத்து வசதிகளையோ அரசின் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் என்று கட்டிற்று. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் இருபதாம் உறுப்பு தனிமனிதரின் இயக்க உரிமையைப் பேசுகிறது. 2007-இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் பயனாக எழுந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. அதன் 41-ஆம் பிரிவு, தாங்கக்கூடிய செலவில் மாற்றுத்திறனாளிகள் இயங்குவதற்காகச் சலுகைகள், வாகனங்களை மாற்றியமைத்தல், இயக்கத்துக்கான உதவி ஆகிய மூன்றுக்கும் அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று கூறுகிறது.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டையும் காண்கிறோம். 2019-ஆம் ஆண்டின் அதே மோட்டார் வாகனத் திருத்தம், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டையாலோ குழந்தைக் காப்பிருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் ரூ.1,000 தண்டம் என்கிறது. சட்டம் நன்றே. ஆனால் பட்டையாற் பிணைக்க இயலாத பிள்ளைக்கு உரிய இருக்கையை யார் தருவது என்று அது சொல்லவில்லை. ஒரு சட்டம் இருக்கை வேண்டும் என்கிறது; மற்றொன்று மாற்றியமைக்க உதவுக என்கிறது; இரண்டையும் இணைத்து இருக்கையின் விலையை ஏற்கும் திட்டம் இடையில் விடுபட்டு நிற்கிறது. வரிச்சலுகைகளின் கதையும் இதுவே. கை கால் இயக்கக் குறைபாடுடையோர் வாங்கும் சிறு கார்களுக்கு, 28 விழுக்காடாயிருந்த சரக்கு, சேவை வரி 18 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பரில் சிறு கார்களின் வரி எல்லோருக்குமே 18 விழுக்காடாயிற்று. பொதுமக்களுக்கு அது மகிழ்ச்சி. மாற்றுத்திறனாளிக்குத் தனியே இருந்த சிறு துணை அதனால் பொருளற்றதாயிற்று. கார் வாங்கும் வசதியே இல்லாத குடும்பத்துக்கு இரண்டாலும் மாற்றமில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் முதலியவற்றை இலவசமாக வழங்கி வருவதை நாம் செய்தித்தாளிற் படிக்கிறோம். அவை அங்கு வாழ்வோர்க்கு உரியவை. ஊரில் பெயரிருந்தும் உறைவிடம் வேறாகிப்போன குடும்பம் அங்கும் கேட்க முடியாமல் இங்கும் கேட்கத் துணியாமல் நின்றுவிடுகிறது. அவ்வாறு நிற்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி, நாட்டின் எப்பகுதியில் வழங்கிய குறைபாட்டுச் சான்றிதழும் நாடெங்கும் செல்லும். திருநெல்வேலியிற் பெற்ற சான்று பாராடாங்கிலும் சான்றே. அதனோடு இணைந்த தனி அடையாள அட்டையும் நாடு முழுமைக்கும் பொது. ‘அடிப்’ திட்டம் மத்திய அரசினுடையது. மொழியும் பிறந்த ஊரும் அதற்குத் தடையல்ல.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில உள. பிள்ளையின் அட்டையைத் தவறாமற் பெறுதல் ஒன்று. மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் பயணத்தின்போது கழுத்துக்கும் முதுகுக்கும் என்ன தாங்கல் வேண்டும், ஏன் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குதல் இரண்டு. முகாமில் நாற்காலி கேட்கும்போதே வாகன இருக்கையையும் மனுவிற் குறித்துக் கேட்டல் மூன்று. மறுப்பு வருமாயின் அதனையும் எழுத்திற் பெற்று, 41-ஆம் பிரிவைச் சுட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடுதல் நான்கு. ஒவ்வொரு மாநிலத்திலும் இந்த ஆணையர் பதவியைச் சட்டமே ஏற்படுத்தியிருக்கிறது. ஒரு மனுவால் பட்டியல் மாறாது. ஆனால் மூன்று சக்கர வண்டியும் காது கேட்கும் கருவியும் ஒரு காலத்தில் பட்டியலில் இல்லாதவையே. கேட்டவர்கள் இருந்தமையால் அவை இடம்பெற்றன. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு நிதி திரட்டும்போது, ஊருக்கு ஒன்றாக இத்தகைய இருக்கையை வாங்கி வைத்து, மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்துக்கு முறை வைத்துக் கொடுத்து வாங்கலாம். அளவு மாற்றிக் கட்டக்கூடிய இருக்கைகளும் உள்ளன. இஃது அரசின் கடமைக்கு ஈடாகாது. அரசு வரும் வரையில் ஒரு தாயின் கைக்கு ஓய்வாகும்.

கால் இழந்த வீரனுக்குக் கால் தர வேண்டும் என்று ஒரு தலைமுறை கண்டது. கால் வழங்காத ஏழைக்கு வண்டி தர வேண்டும் என்று அடுத்த தலைமுறை கண்டது. உட்கார இயலாத பிள்ளைக்கு ஊர்தியில் இடம் தர வேண்டும் என்பதைக் காணுதல் நம் தலைமுறையின் பங்கு. நாளைக் காலையும் நடு நீரிணையின் படகுத்துறையில் வண்டிகள் வரிசையில் நிற்கும். அவற்றுள் ஒன்றில் ஒரு தாய் மடியில் பிள்ளையை ஏந்தியிருப்பாள். அவள் கை ஓயும் நாள் வருவதற்கு நம்முடைய மனுக்களும் ஒரு காரணமாகட்டும்.